பக்கவாதம்: ரசீது பிறகு வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கவாதத்தின் அறிகுறி தெரிந்தவுடன் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள் என்று பொதுமக்களுக்கு அடிக்கடி அறிவுறுத்தப்படுகிறது. தேவையான அறிவுரைதான். ஆனால், வாய் கோணி, கை துவண்டு, பேச்சுக் குழறும் ஒருவரைச் சென்னையின் நெரிசலைக் கடந்து கொண்டுவந்து இறக்கிய பிறகு, மருத்துவமனை வாசலுக்கும் ஊசிக்கும் இடையே வீணாகும் நேரத்தைப் பற்றிப் போதிய அளவு பேசப்படுவதில்லை. செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

மூளை ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஊசி மூலம், நோயாளி கடைசியாக நலமுடன் காணப்பட்ட நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். நாலரை மணி நேரம் இருக்கிறதே என்று நிதானிப்பது பெரும் ஆபத்து. பெரிய குழாய் அடைபட்டிருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது மருத்துவ ஆய்வாளர்களின் மதிப்பீடு. மூளையில் ரத்தக்கசிவு இருந்தாலோ அதே ஊசி உயிரையே பறித்துவிடக்கூடும் என்பதால், சி.டி. ஸ்கேன் பார்க்காமல் எந்த மருத்துவரும் அதைப் போட முடியாது.

ஆகவே, நோயாளி எவ்வளவு விரைவில் ஸ்கேன் மேசைக்குப் போகிறார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நான் கண்டவரை, அவர் கேசுவாலிட்டியில் ஸ்ட்ரெச்சரிலேயே கிடப்பார். உடன் வந்தவர் பதிவுச் சீட்டுக்கு ஒரு வரிசையிலும், தனியார் மருத்துவமனையாக இருந்தால் முன்பணத்துக்கு இன்னொரு வரிசையிலும் நிற்பார். நரம்பியல் மருத்துவர் வார்டிலிருந்து வர வேண்டும். எல்லா ரத்தப் பரிசோதனை முடிவுகளும் வரட்டும் என்று சில இடங்களில் காத்திருப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர் போன்ற சிலரைத் தவிர, ஊசிக்கு முன் கட்டாயம் தெரிய வேண்டியது சர்க்கரை அளவு மட்டுமே. பிறகு ஒப்புதல் கையெழுத்து. மனைவி அருகிலேயே இருந்தும், "மகன் ஆபீசிலிருந்து வரட்டும்" என்று சொல்லக் கேட்டு நான் தவித்ததுண்டு. அந்தத் தாயைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குப் புரியும்படி இரண்டு நிமிடம் எடுத்துச் சொல்ல அங்கே ஒருவரை நியமித்திருக்க வேண்டும்.

பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 1998-இல் வாசலிலிருந்து ஊசிக்கு ஆன நேரம் பொதுவாக 105 நிமிடம். 2011-இல் அதை 20 நிமிடமாகக் குறைத்துவிட்டார்கள். புதிய மருந்து எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. ஆம்புலன்சிலிருந்தே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார்கள், நோயாளியின் விவரங்களை வழியிலேயே பெற்றார்கள், ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலேயே நேராக ஸ்கேன் அறைக்குக் கொண்டுசென்று அந்த மேசையிலேயே ஊசியைத் தொடங்கினார்கள். 108 சேவை 2008 முதல் இயங்கும் தமிழகத்தில் இவற்றுள் எது இயலாதது?

சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை நம் அரசு 2021-இல் தொடங்கியது. பணம் கட்டும் வரிசை உயிரைக் காவு கொள்ளக் கூடாது என்ற அதே நியாயம் பக்கவாத நோயாளிக்கும் உண்டு. ஸ்கேனுக்கும் முதல் ஊசிக்கும் பணமோ ரசீதோ கேட்கக் கூடாது என்று அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்துக்கும் ஆணை பிறப்பிக்க வேண்டும். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஸ்கேன் வசதியும் அதைப் படித்துச் சொல்லும் மருத்துவரும் உள்ள மருத்துவமனைகளின் பட்டியல் 108 ஊழியர்களின் கையில் இருக்க வேண்டும். அருகில் இருக்கிறது என்பதற்காக ஸ்கேன் இல்லாத இடத்தில் இறக்கி, அங்கிருந்து மறுபடி ஏற்றும்போது ஒரு மணி நேரமாவது போய்விடுகிறது.

ஒவ்வொரு மருத்துவமனையும் வாசலிலிருந்து ஊசிக்கு ஆகும் நேரத்தை மாதந்தோறும் வெளியிடவும் வேண்டும். சென்னையின் பெரிய மருத்துவமனைகளிடம் இந்தக் கணக்கைக் கேட்டு வாங்கி, தங்கள் இதழில் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
பெரம்பூர், சென்னை.