பயிற்றுநரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

விளையாட்டுப் பக்கத்தில் வென்றவரின் படம் வருகிறது. பழக்கியவரின் பெயர் வருவதில்லை. வில்மோஸ் சாபோவைப் பாருங்கள். 1984 ஒலிம்பிக்கில் ருமேனியாவுக்காக சேபர் வாள்வீச்சுக் குழுப் போட்டியில் வெண்கலம் வென்றவர். பின்னர் ஜேர்மனியில் பயிற்றுநரானார். அவரிடம் பழகிய நிக்கோலஸ் லிம்பாக் 2009இல் உலகச் சாம்பியன்.

சேபரில் இடுப்புக்கு மேலேதான் இலக்கு. வாளின் முனை பட்டாலும் விளிம்பு பட்டாலும் புள்ளிதான். கண் இமைக்குமுன் முடிந்துவிடும். அதனால் பயிற்றுநர் தடித்த தோல் அங்கி மாட்டிக்கொண்டு, மாணவரின் வெட்டுகளைத் தன் கையிலும் தோளிலும் வாங்கியே தூரத்தைப் பழக்குகிறார். எத்தனை பெரிய மனசு அது!

யாழ்ப்பாணத்திலும் பள்ளிக்கூடம் விட்டபின் பொழுதுபடும்வரை மைதானத்தில் நிற்கும் முன்னாள் வீரர்கள் இருக்கிறார்கள். கிழமைக்கு ஒருவரையாவது படத்துடன் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கோண்டாவில்.