பின் கேட்ட கதை

அன்புள்ள தம்பி,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து "ஓகே", "பிஸிப்பா" மட்டும்தான் வருகிறது. நீ இருக்கும் மெல்போர்னுக்கும் நாங்கள் இருக்கும் ஆக்லாந்துக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம்தான், நாங்கள் பத்து மணி வரைக்கும் விழித்துத்தான் இருக்கிறோம். சரி, வேலை இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

கடைசியாகப் பேசியபோது "சிக்ஸ்" என்று இகரத்தை அழுத்திச் சொன்னாய். அம்மா கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். இங்கே நியூசிலாந்திலேயே பிறந்து வளர்ந்தவன், உன் வாயில் அது எப்போதும் "சக்ஸ்"தானே. ஆபீசில் உன்னை "ஃபிஷ் அண்ட் சிப்ஸ்" சொல்லவைத்து, "ஃபஷ் அண்ட் சப்ஸ்" என்று நீ சொன்னதும் சிரிக்கிறார்கள் என்று போன புதிதில் நீயே சொன்னாய், அப்போது நீயும் சிரித்தாய். சிரித்துவிட்டுப் போ. அந்த ஆஸ்திரேலியர்கள் மட்டும் என்ன, அவர்கள் சொல்வது நம் காதுக்கு "ஃபீஷ் அண்ட் சீப்ஸ்"தானே. ரொம்பப் பேசினால் 1981 கிரிக்கெட் மேட்சை ஞாபகப்படுத்து. அந்த மெல்போர்ன் மைதானத்திலேயே, கடைசிப் பந்தில் நாம் ஒரு சக்ஸ் அடித்தால் டை என்று இருந்தபோது, தன் சொந்தத் தம்பி ட்ரெவரைக் கூப்பிட்டுப் பந்தைத் தரையோடு உருட்டச் சொன்னவர் அவர்கள் கேப்டன் கிரெக் சாப்பல். ஃபார் லாப்பைப் பற்றியும் கேள். நியூசிலாந்துத் திமாருவில் பிறந்த நம் பந்தயக் குதிரை, தோல் மெல்போர்னில், இதயம் கான்பெராவில், நமக்குக் கிடைத்தது எலும்புக்கூடு. ஆனால் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னால் அவர்களுக்குத்தான் கொண்டாட்டம். சிரித்துவிட்டுப் போ, தம்பி.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. ஏழு வயதில் ஒருநாள் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்து "அப்பா, பின் குடுங்க" என்றாய், நான் குண்டூசி எடுத்துக் கொடுத்தேன். நீ கேட்டது பென். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே புரியவில்லை, அதை விடு. அப்புறம் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேனே, பொங்கலுக்கு, தீபாவளிக்கு, உன் பட்டமளிப்பு அன்றுகூட. நீ கிளம்புவதற்கு முந்தின ராத்திரி விருந்திலும் விடவில்லை. நீ தட்டைப் பாதியில் வைத்துவிட்டு மாடிக்குப் போனாய், பெட்டி கட்டப் போகிறான் என்று எல்லாரிடமும் சொல்லிச் சமாளித்தேன். பெட்டி காலையிலேயே கட்டியாகிவிட்டது. நான்தான் கயிறு போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குக் கூப்பிடு, எங்கள் நேரம். வேறெதுவும் கேட்க மாட்டேன், சாப்பிட்டாயா என்று மட்டும்.

அப்பா