மொரிஸ் மைனருக்கு முதலில் கிறீஸ் அடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் பழைய மொரிஸ் மைனர்களை வாங்கும் இளைஞர்கள் பலர், ஸ்டியரிங் இறுக்கம் என்று உடனே அதைத் திருப்ப உதவும் மின்மோட்டார் பூட்டப் பார்க்கிறார்கள். தயவுசெய்து பொறுங்கள். 1948இல் வந்த இந்தக் கார் ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங் உடையது; அதாவது, ஒரு சிறு பற்சக்கரம் ராக் என்ற பற்சட்டத்தை இடம் வலமாகத் தள்ளிச் சில்லுகளைத் திருப்பும். நல்ல நிலையில் இருந்தால் ஓடும்போது விரலுக்கே திரும்பும். என் அப்பாவின் மைனரை இன்றும் நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

இறுக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் முன்சில்லுகளின் ட்ரனியன்கள், அதாவது சில்லைத் தாங்கித் திரும்பவிடும் திருகுபுரி மூட்டுகள். ஒவ்வொரு பக்கமும் மேலும் கீழுமாக கிறீஸ் அடிக்கும் இரண்டு சிறு முனைகள் (நிப்பிள்கள்). ஜாக்கி வைத்து, சில்லைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு, பழைய அழுக்கு வெளியே வரும்வரை கிறீஸ் அடிக்க வேண்டும். ராக்குக்கு மட்டும் கிறீஸ் அல்ல, கியர் ஒயில். அப்புறம் ரயர் காற்று, சில்லு அலைன்மென்ட் பாருங்கள். அகல ரயரும் சின்ன ஸ்டியரிங் வளையமும் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், கை நோவுக்கு அவையே போதும்.

இதை நான் வற்புறுத்துவது கைநோவுக்காக மட்டுமல்ல. கிறீஸ் காணாத ட்ரனியனின் புரி தேய்ந்தால் முன்சில்லு மடங்கிக் கார் அந்தப் பக்கம் தரையில் குந்திவிடும். தேய்ந்த புரியோடு மோட்டாரைப் பூட்டினால் இறுக்கம் தெரியாது, ஆபத்து அப்படியே இருக்கும். கராஜ்காரர்களும் மோட்டார் பூட்ட முதல் இதைச் சோதித்துச் சொல்ல வேண்டும். எல்லாம் சரி பார்த்த பிறகும் தோள் வருத்தமுள்ள முதியவர் மோட்டார் கேட்டால், தாராளமாகப் பூட்டட்டும்.

மொரிஸ் மைனர் உரிமையாளர்,
நல்லூர்.