கலப்புச் சவ்வு ஆய்வேடுகளை மதிப்பிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நெறியாளர்களுக்கும் தேர்வாளர்களுக்கும்,

வணக்கம். எரிபொருள் மின்கலத்துக்காக, பாஸ்பாரிக் அமிலம் ஏற்றிய பாலிபென்சிமிடசோல் என்னும் பாலிமர்ச் சவ்வை 1995இல் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகக் குழுவினர் முன்வைத்தார்கள். அதே வேலைக்கு வழக்கமாகப் பயன்படும், நீரை நம்பியிருக்கும் நாஃபியான் சவ்வு 100 டிகிரியைத் தாண்டினால் காய்ந்துபோகும். பாலிபென்சிமிடசோல் சவ்வோ 160 டிகிரியிலும் புரோட்டானைக் கடத்தும். அதில் சிலிக்கா கலந்ததும் கடத்துத்திறன் கூடிவிட்டது என்று எழுதும் ஆய்வேடுகளைப் பற்றித்தான் இந்த மடல்.

'10 விழுக்காடு சிலிக்கா' என்று எழுதியிருந்தால், எதில் 10 என்று கேளுங்கள். சிலிக்காவை உண்டாக்கும் மூலப்பொருளான டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிக்கேட் 1 கிராம் முழுதாக வினைபுரிந்தாலும் 0.29 கிராம் சிலிக்காதான் தரும். 1 கிராம் பாலிமரில் வார்த்த உலர்படலத்தில் 10 விழுக்காடு சிலிக்கா வர 0.385 கிராம் சிலிக்கேட் எடுக்க வேண்டும். 0.1 கிராம் எடுத்துவிட்டு 10 என்று எழுதினால் உள்ளே இருப்பது 3 விழுக்காடுகூட இல்லை.

டைமெத்தில் அசெட்டமைடு என்னும் கரைப்பானில் கரைத்த பாலிமரில் நேரே நீரை விட்டால் பால் திரிவது போலத் திரிந்துவிடும். சிலிக்கேட்டைத் தனிக் குடுவையில், கொஞ்சம் அமில நீரோடு தெளியும்வரை கலக்கி, பிறகு சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். அப்போதும் பாலிமரையும் சிலிக்காவையும் பிணைக்கும் கிளைசிடாக்சி சிலேன் போன்ற பாலம் இல்லாவிட்டால் சிலிக்கா திரண்டு, காயும்போது படலம் வெளுக்கும். வார்த்த படலத்தை வெந்நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். கரைப்பான் தங்கினால் அது பின்னர் அமிலத்தில் வெளியேறி எடைக்கணக்கைக் குலைக்கும்.

அமில ஏற்ற அளவில்தான் பெரிய பிசகு. 85 விழுக்காடு அமிலத்தில் ஊறிய படலம் நீரையும் உறிஞ்சியிருக்கும். மேற்பரப்பைத் துடைத்து, 110 டிகிரி வெற்றிட அடுப்பில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்திவிட்டே கணக்கிட வேண்டும். பாலிமரின் திரும்பத் திரும்ப வரும் அலகு ஒரு மோலுக்கு 308 கிராம், அமிலம் ஒரு மோலுக்கு 98 கிராம். அலகுக்கு ஆறு அமில மூலக்கூறு என்றால் அமிலத்தின் எடை பாலிமரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. சிலிக்காவின் எடையைக் கழித்தார்களா என்பதையும் பாருங்கள்.

தடிமன் எப்போது அளந்தது? ஏற்றுமுன் 40 மைக்ரான் இருந்த படலம் ஊறி 60 ஆகியிருக்க, படலத்தின் நீளவாக்கில் மின்தடையை அளக்கும்போது சூத்திரத்தில் 40 போட்டால் கடத்துத்திறன் ஒன்றரை மடங்காகத் தெரியும். சிலிக்காவுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை!

கடைசியாக, 100 டிகிரிக்குக் கீழே மின்கலம் ஆறும்போது சேரும் திரவநீர் அமிலத்தை அடித்துக்கொண்டு போகும். சூடேற்றி ஆற்றும் சுற்றுகளுக்குப் பிறகும் அமில எடையையும் கடத்துத்திறனையும் அளந்திருக்க வேண்டும். அந்த இரண்டும் இல்லாத அட்டவணையைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சவ்வு வார்ப்பவர்கள்