முதுகுவலி: ஆபரேஷனுக்கு முன் எங்களிடமும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் வீட்டுக்காரர் இருபது வருடமாக லாரி ஓட்டுகிறார். போன வருடம் அவருக்கு இடுப்பில் தொடங்கிய வலி இடது காலில் பாதம் வரை இறங்கியது. எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் வெச்சுக்கலாம்" என்றார். வேறு வழி உண்டா என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அதற்குள் நர்ஸ் கையெழுத்துக்குத் தாளை நீட்டிவிட்டார். முழுக்க இங்கிலீஷ்.

பயந்துபோய் இன்னொரு டாக்டரிடம் போனோம். அவர் ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு, "எதைச் செய்ய முடியாம ரொம்பக் கஷ்டப்படுறீங்க?" என்று கேட்டார். "கிளட்ச்சை மிதிச்சா உயிர் போகுதுங்க" என்றார் இவர். அப்புறம்தான் பேச்சே ஆரம்பித்தது.

நெதர்லாந்தில் இதே மாதிரி வலி இருந்த 283 பேரிடம் நடந்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. உடனே ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பொறுத்துப் பார்த்தவர்களும் அதே அளவு தேறியிருந்தார்கள். பொறுத்தவர்களில் 39 சதவீதம் பேர் அந்த வருடத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வலி சீக்கிரம் போக வேண்டுமா, கத்தி படாமல் தேற முடியுமா என்று பார்க்க வேண்டுமா? இதை நோயாளியிடம்தானே கேட்க வேண்டும்?

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்துகொண்டே வந்தாலோ யோசிக்க நேரமில்லை, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இவருக்கு அது எதுவும் இல்லை. பொறுத்துப் பார்க்கிறேன் என்றார். மூன்று மாதம் வருமானமில்லாமல் தவித்தோம், பிறகு வண்டி எடுத்தார். லாரித் தவணை கழுத்தை நெரித்ததால் அவருடைய நண்பர் ஆபரேஷன் செய்துகொண்டார். அவரும் நன்றாக இருக்கிறார்.

மாற்றுச் சிகிச்சை உண்டா, ஆபத்து என்ன என்பதையெல்லாம் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சமீரா கோலி வழக்கில் சொல்லிவிட்டது. அந்தச் சம்மதத் தாளைத் தமிழில் அடித்து, அவசரம் இல்லாதவர்களுக்கு ஒரு வாரம் முன்பே கையில் கொடுத்தனுப்ப வேண்டும் என்று தாங்கள் எழுத வேண்டும்.

ஒரு வாசகி,
நாமக்கல்.