லீலாவதி அக்கா நினைவு நாளுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

மதுரை வில்லாபுரத்து உறவுகளுக்கு வணக்கம்.

நம் வார்டு கவுன்சிலராக இருந்த லீலாவதி அக்காவின் ஏப்ரல் 23 நினைவு நாள் கூட்டம் நல்லபடியாக முடிந்தது. கடைசி நேரத்தில் நாம் பட்ட அலைச்சல் உங்கள் எல்லாருக்கும் தெரியும்; அதை மறுபடி எழுத மனசில்லை. கூட்டம் நடக்குமா நடக்காதா என்று தூக்கமில்லாமல் கிடந்தவளுக்கு, சாயங்காலம் தெரு நிறைய நீங்கள் வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் தொண்டை அடைத்துவிட்டது. நன்றி சொல்ல மேடைக்குக் கூப்பிட்டார்கள், பேச்சே வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில், முக்கில் தையல் கடை வைத்திருக்கும் தம்பிக்கு.

ஆட்கள் வந்து சேர ஆரம்பித்த நேரத்தில் மைக் செட்டுக்குக் கரண்டு இல்லை. வயரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆளாளுக்கு முழித்துக்கொண்டிருந்தோம். அவர் கடையில் கேட்கக் கூச்சமாக இருந்தது. சித்திரைத் திருவிழா நேரம், தைக்க வேண்டிய ஜாக்கெட் துணி பெஞ்சு முழுக்கக் குவிந்து கிடந்தது. அவரே எட்டிப் பார்த்து, "அக்கா, வயரை இப்படிக் குடுங்க" என்று வாங்கிச் சன்னல் வழியாக இழுத்து மாட்டினார். மோட்டார் மிஷினும் மைக் செட்டும் சேர்ந்து ஓடினால் பியூஸ் போய்விடும் என்று, மிஷின்களை எல்லாம் நிறுத்திவிட்டார். வேலைக்கு இருந்த பையன்களையும் கூட்டத்தில் போய் உட்காரச் சொன்னார். ராத்திரி கூட்டம் கலைகிறவரை ஒரு தையல்கூடப் போடவில்லை. வருஷத்திலேயே நாலு காசு பார்க்கிற சீசன் அது.

மறுநாள் காலையில் பணம் கொண்டுபோனேன். கையால் தொடவில்லை.

"நான் இந்த ஏரியாவுக்கு வந்ததே அவங்க போனதுக்கு அப்புறந்தான்க்கா. அவங்க முகத்தை போட்டோவுலதான் பார்த்திருக்கேன். ஆனா எங்க வீட்டுல குழாயைத் திறந்தா தண்ணி வருதுல்ல" என்றார். சொல்லிவிட்டு மிஷினில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் அங்கேயே நின்றேன்.

எனக்கு வெகுநாளாக ஓர் ஆதங்கம். அக்காவைப் பற்றி எழுதுகிறவர்கள் 1997இல் அவரை வெட்டிச் சாய்த்த அந்த நாளில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். அவர் கைத்தறி நெசவுக்காரி. மாதர் சங்கத்தில் வேலை செய்தவர். உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று வந்த 1996 தேர்தலில் நம் வார்டில் நின்று ஜெயித்தார். குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத் தண்ணீர் பிடித்த தெருக்களுக்கு மாநகராட்சிக் குழாய் வர வேண்டும் என்று கேட்டார். குழாய் வந்தால் யார் பிழைப்பு போகும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் கேட்டார். அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஆறே மாதம். அந்த ஆறு மாதத்தில் அவர் செய்த வேலையைத்தான் தையல்காரத் தம்பி சொன்னார். அக்காவோடு பழகிய நாமோ வருஷத்துக்கு ஒருமுறை மாலை போட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

பந்தல் போட்டவர்கள், சேர் கொடுத்த கல்யாண மண்டபத்துக்காரர், வீட்டில் இருந்த தயிரையெல்லாம் கடைந்து மோர் கொண்டுவந்த பெண்கள், வெயிலில் நோட்டீஸ் ஒட்டிய பிள்ளைகள், வண்டிகளை வேறு தெரு வழியாகத் திருப்பிவிட்ட காவலர்கள், வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்த மாதர் சங்கத் தோழர்கள், திட்டிக்கொண்டே கூட இருந்த என் வீட்டுக்காரர், உங்கள் எல்லாருக்கும் என் நன்றி. பெயர் விட்டுப் போனவர்கள் மன்னிக்க வேண்டும்.

இன்று மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளில் பாதி பெண்களுக்கு. அந்த நாற்காலியில் உட்காரப்போகும் பிள்ளைகள் நம் தெருவிலும் படித்துக்கொண்டிருக்கின்றன. அவர்களுக்கு அக்காவின் சாவு மட்டும் தெரிந்தால் பயம்தான் மிஞ்சும். வேலையும் தெரிய வேண்டும். அக்காவோடு மனுக் கொண்டுபோனவர்கள், வீடு வீடாக ஓட்டுக் கேட்டவர்கள், குழாயடியில் அவரோடு நின்றவர்கள் பலருக்கு வயதாகிவிட்டது. அடுத்த ஏப்ரலுக்குள் அவர்கள் சொல்வதை எல்லாம் போனில் பதிவு செய்து எழுதி வைத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி ஒரு அம்மாவோ ஆச்சியோ இருந்தால் தகவல் சொல்லுங்கள், நானே வந்து உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். என் வீடு தெரியாதவர்கள் தையல் கடையில் சொல்லிவிட்டுப் போகலாம். தம்பியிடம் கேட்டுவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டார்.