ஜொத்தோ கோபுரத்தில் இன்னும் இரண்டு பெயர்கள்

இத்தாலியின் புளோரன்ஸ் நகரப் பேராலயத்தைப் பராமரிக்கும் ஓபெரா தி சாந்தா மரியா தெல் ஃபியோரே நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். 1296 முதல் பேராலயப் பணியைச் சுமந்துவரும் உங்களிடம் ஒரு கோரிக்கை. பேராலயத்தின் மணிக்கோபுரத்தை உலகமே ஜொத்தோவின் கோபுரம் என்கிறது. சரி, அந்தப் பெயர் அப்படியே இருக்கட்டும். ஆனால் அதைக் கட்டிய மற்ற இருவரையும் படியேறுகிறவர்கள் மனதில் பதியும்படி சொல்லுங்கள். அவரவர் வேலை தொடங்கும் உயரத்திலேயே சொல்லுங்கள்.

ஓவியரான ஜொத்தோ 1334-இல் வேலையைத் தொடங்கினார், 1337 ஜனவரியில் இறந்துவிட்டார். அவர் காலத்தில் எழுந்தது அடிப்பகுதி மட்டும்தான். வெள்ளை, பச்சை, சிவப்புச் சலவைக்கற்கள் இழையும் அந்த முகத்தில் ஓவியரின் கண் தெரிகிறது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

பிறகு வந்த ஆந்திரேயா பிசானோ, சிலைமாடங்கள் கொண்ட அடுத்த பகுதியைக் கட்டினார். அடிப்பகுதியைச் சுற்றிவரும் அறுகோணப் புடைப்புச் சிற்பங்களும் பெரும்பாலும் அவரும் அவருடைய பட்டறையும் செதுக்கியவை. உழவு, நெசவு, கப்பலோட்டம், மருத்துவம் என்று மனிதரின் தொழில்களையெல்லாம் ஒரு தேவாலயக் கோபுரத்தின் சுவரில், தெருவில் போகிறவர் பார்க்கும்படி வைத்தார்கள். எனக்கு இந்தக் கோபுரத்தில் மிகவும் பிடித்தது அதுதான். அசல் சிற்பங்களை உங்கள் அருங்காட்சியகத்துக்குள் கொண்டுபோய்க் காத்து, வெளியே நகல்களை வைத்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி.

1348-இல் கொள்ளைநோய் வந்து வேலை நின்றது. அப்புறம் பொறுப்பேற்றவர் பிரான்செஸ்கோ தலெந்தி. மேலே உள்ள மூன்று பெரிய நிலைகளும் அவருடையவை. 1359-இல் முடித்தார். உயரம் ஏற ஏற எதுவும் சிறுத்துத் தெரியும் அல்லவா? அதை ஈடுகட்ட, ஒவ்வொரு நிலையையும் அதன் கீழுள்ளதைவிடப் பெரிதாகக் கட்டினார். தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் மூன்றும் ஒரே அளவாகத் தெரிகின்றன! முதல் இரண்டு நிலைகளில் பக்கத்துக்கு இரண்டு ஜன்னல்கள். உச்சியிலோ பக்கத்துக்கு ஒன்றே ஒன்று, மூன்று பிளவுகளோடு அகன்று திறந்திருக்கிறது. ஜொத்தோ நினைத்திருந்த ஊசிமுனைக் கூரையைக் கைவிட்டு, மேலே தட்டையான தளம் அமைத்தார். 84.7 மீட்டர் உயரத்தோடு கோபுரம் நின்றுகொண்டது.

414 படிகள் ஏறி மக்கள் போய் நிற்பது அவர் அமைத்த தளத்தில். வழியில் இளைப்பாறி அவர்கள் வெளியே எட்டிப் பார்ப்பதும் அவருடைய ஜன்னல்கள் வழியாகத்தான். அந்தப் பெயர் தெரியாமல் அவர்கள் இறங்கிப் போகக் கூடாது.

பழைய கல்லைத் தொட வேண்டாம். மக்கள் மூச்சு வாங்க நிற்கும் இடங்களில் தனியாக நிற்கும் சிறு பலகை போதும். கீழே ஜொத்தோ, நடுவில் பிசானோ, மேலே தலெந்தி. பெயரும் ஆண்டும் இருந்தால் போதும்.

அன்புடன்,
கோபுரங்களை நேசிக்கும் ஒரு தமிழ் வாசகர்